மருத்துவமனையிடம் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குவது எப்படி?

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது நோயாளியின் கைக்கு வருவது இரண்டு மூன்று பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும்தான். உள்ளே படுத்திருந்த நாட்களில் அவரைப் பற்றித் தாளில் எழுதியதும் கணினியில் ஏற்றியதும் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். செவிலியர்கள் மணிக்கு மணி குறித்த காய்ச்சல், ரத்த அழுத்த அட்டவணை. எந்த மருந்து எத்தனை மணிக்கு ஏறியது என்ற குறிப்பு. மயக்க மருந்து நிபுணரின் தாள். அறுவைச் சிகிச்சைக் குறிப்பு. பதற்றத்தில் படிக்காமலேயே நாம் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதானாலும், காப்பீட்டு நிறுவனம் கிளைமை மறுக்கும்போது வாதாடுவதானாலும், சிகிச்சையில் கோளாறு நடந்ததோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதானாலும் உதவப் போவது அந்தக் கட்டுதான்.

அதைக் கேட்டால், “கேஸ் ஷீட் எல்லாம் வெளியே தருவதில்லை, அது மருத்துவமனையின் சொத்து” என்று கவுன்ட்டரில் பதில் வரும். அசல் தாள் அவர்களுடைய பொறுப்பில் இருக்கலாம். அதன் நகலை மறுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. முதன்முறையாகக் கேட்கப் போகிறவர் எங்கே தொடங்கி எப்படிப் போகவேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

சட்டத்தில் எங்கே இருக்கிறது இந்த உரிமை?

மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ‘திஷா’ என்ற பெயரில் 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. ஆகவே நமது உரிமை நாலைந்து சட்டங்களிலும் விதிகளிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றுள் சாதாரண நோயாளிக்கு இன்றைக்கும் அதிகம் கைகொடுப்பது, இருப்பதிலேயே பழையதுதான் என்பது என் கருத்து.

அது, இந்திய மருத்துவக் கவுன்சில் (தொழில்முறை நடத்தை, பண்பு, நெறிமுறை) ஒழுங்குமுறைகள், 2002. அதில் மூன்று சிறு விதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் மருத்துவர் பாதுகாக்கவேண்டும் என்கிறது விதி 1.3.1. நோயாளியோ அவர் அதிகாரம் அளித்த உடனிருப்பவரோ சட்ட அதிகாரிகளோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்கவேண்டும் என்கிறது 1.3.2. பதிவுகளை விரைவில் எடுக்க வசதியாகக் கணினிமயமாக்க முயலவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே 1.3.4 சொல்லிவிட்டது. 3 ஆண்டுகள் பாதுகாக்காமல், கேட்டும் 72 மணி நேரத்தில் தராமல் இருப்பது தொழில்முறைத் தவறு என்று விதி 7.2 தனியாகச் சொல்கிறது.

இணையத்தில் தேடினால் “5 வேலை நாட்கள்” என்று ஒரு கணக்கும் கண்ணில் படும். அந்தக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட புதிய ஒழுங்குமுறையில் இருந்தது அது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்ததால் அதே மாதம் 23-ம் தேதி அந்த ஒழுங்குமுறை நிறுத்திவைக்கப்பட்டு, 2002-ம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. கடிதத்தில் 2023 ஒழுங்குமுறையை மேற்கோள் காட்டினால், விவரம் தெரிந்த நிர்வாகி ஒருவர் அதையே பிடித்துக்கொண்டு தட்டிக் கழிப்பார்.

2002 விதிகளில் ஒரு நெளிவும் இருக்கிறது. அவை மருத்துவரைக் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவமனை என்ற நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. நிர்வாகம் “மருத்துவரைக் கேளுங்கள்” என்றும், மருத்துவர் “நிர்வாகத்தைக் கேளுங்கள்” என்றும் பந்தாடுவது இந்த இடைவெளியில்தான். கடிதத்தை இருவர் பெயருக்கும் எழுதிவிட்டால் பந்தாட்டம் நின்றுவிடும்.

துணைக்கு இன்னும் இரண்டு உண்டு. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், சிகிச்சையில் இருக்கும்போது இயன்றவரை 24 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஆனபின் 72 மணி நேரத்துக்குள்ளும் பதிவுகள் கிடைக்கவேண்டும் என்கிறது. நோயாளிக்கே அவருடைய பதிவுகளைத் தர மறுத்துவிட்டு “ரகசியம் காக்கவேண்டும்” என்று மருத்துவமனை சொல்லமுடியாது என 1996-லேயே பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முதல் படி: எதைக் கேட்கப் போகிறீர்கள்?

“என் ரிப்போர்ட் வேண்டும்” என்று கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியையே இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உள்நோயாளியாக இருந்தவர் முழு கேஸ் ஷீட்டையும் கேட்கவேண்டும். சேர்க்கைத் தாள், மருத்துவர்களின் தினசரிக் குறிப்புகள், செவிலியர் குறிப்புகள், மருந்து கொடுத்த அட்டவணை, வெப்பநிலை - நாடித்துடிப்பு - மூச்சு அட்டவணை, ஐ.சி.யூ. தாள்கள், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, சம்மதப் படிவங்கள், ரத்தம் ஏற்றிய பதிவு, வேறு துறை மருத்துவர் வந்து பார்த்த குறிப்பு எல்லாம் அதில் அடக்கம். பரிசோதனைக்கூட முடிவுகளைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் விஷயம் சற்று நுணுக்கமானது. பிலிமையும் ஒன்றரைப் பக்க அறிக்கையையும் மட்டும் வாங்கி வந்தால் அடுத்த மருத்துவருக்குப் பெரிதாகப் பயன்படாது. சி.டி., எம்.ஆர்.ஐ. என்றால் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். பிலிமில் அச்சாவது அவற்றில் தேர்ந்தெடுத்த கொஞ்சம். மூலப் படங்கள் ‘டைகாம்’ என்ற வடிவில் கணினியில் இருக்கின்றன. குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ இணைப்பாகவோ அதைக் கேளுங்கள். புற்றுநோய்ச் சந்தேகத்தில் திசுப் பரிசோதனை செய்திருந்தால், அறிக்கையோடு ஸ்லைடையும் (திசு பதித்த கண்ணாடித் துண்டு) பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) இரண்டாவது கருத்துக்காகக் கேட்கலாம். திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பது வழக்கம்.

வெளிநோயாளிகளுக்கு நிலைமை கொஞ்சம் பலவீனம். 3 ஆண்டு பாதுகாக்கும் கடமை உள்நோயாளிப் பதிவைப் பற்றியது. ஓ.பி. சீட்டு நம்மிடம்தான் இருக்கிறது என்று பல இடங்களில் கையை விரித்துவிடுவார்கள். ஆனால் கணினியில் பதியும் மருத்துவமனையில் உங்கள் எண்ணைத் தட்டினால் பழைய வருகைகள் திரையில் தெரியும். தெரிவதை அச்செடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. காணொலியில் மருத்துவரைப் பார்த்தவர்களுக்கு 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் பொருந்தும். உரையாடல் பதிவையும் மருந்துச் சீட்டையும் மருத்துவர் பாதுகாக்கவேண்டும் என்று அவை சொல்கின்றன.

இரண்டாம் படி: கடிதம்

வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. 72 மணி நேரக் கணக்கு எப்போது தொடங்கியது என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டும். கடிதம் இப்படி இருந்தால் போதும் (யு.எச்.ஐ.டி. என்பது மருத்துவமனை உங்களுக்குத் தரும் அடையாள எண், ஐ.பி. என்பது உள்நோயாளி எண்):

பெறுநர்: மருத்துவக் கண்காணிப்பாளர், (மருத்துவமனை பெயர்), மருத்துவர் (பெயர்), (துறை).

பொருள்: மருத்துவப் பதிவுகளின் நகல் கோருதல்.

ஐயா / அம்மா,

நான் தங்கள் மருத்துவமனையில் (தேதி) முதல் (தேதி) வரை உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றேன். என் யு.எச்.ஐ.டி. எண் (...), ஐ.பி. எண் (...). அச்சிகிச்சை தொடர்பான முழு கேஸ் ஷீட், பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள் ஆகியவற்றின் நகலைப் பக்க எண்ணிட்டு, மருத்துவமனை முத்திரையுடன் வழங்கக் கோருகிறேன். கணினியில் உள்ள பதிவுகளைப் பி.டி.எஃப். கோப்பாகவும் ஸ்கேன் படங்களை டைகாம் வடிவிலும் தரவேண்டுகிறேன். இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகள் 2002, விதி 1.3.2-ன்படி இக்கடிதம் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் இவை வழங்கப்படவேண்டும். நகலெடுக்கும் நியாயமான செலவைச் செலுத்தத் தயாராக உள்ளேன். ஏதேனும் ஒரு பதிவைத் தர இயலாது எனில், எந்தப் பதிவு, என்ன காரணம் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு, (கையொப்பம், தேதி, கைபேசி எண்). இணைப்பு: அடையாள அட்டை நகல், டிஸ்சார்ஜ் சம்மரி நகல்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். “இல்லை” என்று வாயால் சொல்வது எளிது. கையெழுத்துப் போட்டு எழுதித் தருவதற்கு யோசிப்பார்கள். பல கோரிக்கைகள் அந்த யோசனையிலேயே நிறைவேறிவிடுகின்றன.

நோயாளி படுக்கையில் இருந்தால், அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகலும் சேர்த்து உறவினர் கொடுக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோர் கேட்கலாம். நோயாளி இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழோடு உறவைக் காட்டும் ஆவணமும் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் இருந்தால் பேச்சு நீளாது. இறப்புச் சுருக்க அறிக்கையும் பரிசோதனைத் தாள்களும் குடும்பத்துக்கு உரியவை என்று உரிமைச் சாசனம் தெளிவாகவே சொல்கிறது.

மூன்றாம் படி: எங்கே கொடுப்பது?

வரவேற்பு மேசையில் கொடுத்தால் அது டிராயருக்குள் போய்விடும். பெரிய மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மருத்துவப் பதிவேடுகள் பிரிவு இருக்கும். உள்ளே எல்லோரும் ‘எம்.ஆர்.டி.’ என்பார்கள். பெரும்பாலும் அடித்தளத்திலோ கட்டடத்தின் பின்புறத்திலோ, போர்டு கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அங்கே பணியில் இருப்பவர்களுக்கு இது தினசரி வேலை. காப்பீட்டுக்காரர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நகல் எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். தங்களுக்கென்று ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருந்தால் அதை நிரப்பிக் கொடுங்கள். உங்கள் கடிதத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

கடிதத்தின் இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து, முத்திரை, தேதி, நேரம் நான்கையும் வாங்கவேண்டும். நேரம் முக்கியம், ஏனென்றால் சட்டம் மணிக்கணக்கில் பேசுகிறது. ஒப்புகை தரமாட்டோம் என்றால் சண்டை போடவேண்டாம். அன்றைக்கே அந்தக் கடிதத்தை மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, தபாலிலும் போட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை, விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. கவுன்ட்டரில் விரைவுத் தபாலையே பதிவு வசதியோடு கேட்கவேண்டும். ரசீதும் சேர்ப்பித்ததற்கான சான்றும் பத்திரமாக இருக்கட்டும்.

கட்டணத்துக்கு 2002 விதிகளில் உச்சவரம்பு எதுவும் இல்லை. உரிமைச் சாசனம் நகலெடுக்கும் செலவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்டால் நியாயம். மொத்தமாக ஆயிரக்கணக்கில் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கட்டிவிட்டு, பிறகு புகாரில் அதையும் சேர்த்துவிடலாம். பதிவுதான் முதலில் கைக்கு வரவேண்டும்.

சாக்குகளும் பதில்களும்

“பில் பாக்கி இருக்கிறது.” விதி 1.3.2-ல் அப்படியொரு விலக்கு இல்லை. பாக்கியை வசூலிக்க மருத்துவமனைக்கு வேறு வழிகள் உண்டு.

“நீதிமன்றம் கேட்டால்தான் தருவோம்.” அந்த விதி யார் யார் கேட்கலாம் என்று பட்டியலிடும்போது நோயாளியைத்தான் முதலில் சொல்கிறது, சட்ட அதிகாரிகள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் நல்லது.

“மருத்துவர் விடுமுறையில் இருக்கிறார், அவர் கையெழுத்து வேண்டும்.” இதுதான் அதிகம் கேட்கக் கிடைப்பது. நகலில் சான்றிடுவது எம்.ஆர்.டி. அலுவலரோ கண்காணிப்பாளரோ செய்யக்கூடிய வேலை. முழுமை பெறாத பதிவை மருத்துவர் வந்து நிரப்பட்டும் என்று காத்திருக்கிறார்களோ என்ற ஐயம் இருந்தால், “இன்றைய தேதியில் உள்ளபடியே கொடுங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள்.

விபத்து, தற்கொலை முயற்சி, அடிதடி போன்ற சட்டம் சார்ந்த வழக்குகளில் “அசல் போலீஸிடம் போய்விட்டது” என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். எந்தக் காவல் நிலையம், எந்தத் தேதி, யார் பெற்றுக்கொண்டது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கிருந்து தடம் பிடித்துப் போய் நீதிமன்றத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யலாம்.

மனநலச் சிகிச்சைப் பதிவுகளுக்கு மட்டும் உண்மையான ஒரு விலக்கு இருக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன் 25-வது பிரிவு, நோயாளிக்குத் தன் அடிப்படைப் பதிவுகளைப் பெறும் உரிமையைத் தருகிறது. குறிப்பிட்ட ஒரு தகவலைத் தெரிந்துகொள்வது அவருக்குக் கடுமையான மனப் பாதிப்பையோ பிறருக்குத் தீங்கையோ விளைவிக்கும் என்று மருத்துவர் கருதினால் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவைக்கலாம். அப்போதும், மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம் என்பதை நோயாளியிடம் அவர் சொல்லியாகவேண்டும்.

அரசு மருத்துவமனை என்றால்

இங்கே உங்களிடம் இன்னொரு ஆயுதம் உண்டு: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. முதலில் மேலே சொன்ன கடிதத்தைக் கண்காணிப்பாளரிடமோ மருத்துவக் கல்லூரி முதல்வரிடமோ கொடுங்கள். அசைவு இல்லை என்றால், அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் கட்டணம். 30 நாளில் பதில் வரவேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். நோயாளி மோசமான நிலையில் வேறு மருத்துவமனையில் இருக்கிறார், பழைய பதிவு இல்லாமல் சிகிச்சை தடைபடுகிறது என்றால் அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. கணினியில் உள்ள தகவலை டிஸ்கெட், ஃபிளாப்பி, டேப் “அல்லது வேறு எந்த மின்னணு முறையிலும்” பெறும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. கேட்ட வடிவத்திலேயே தகவலைத் தருவதுதான் வழக்கமாக இருக்கவேண்டும் என்று 7(9) பிரிவும் சொல்கிறது. ஃபிளாப்பியைப் பற்றிப் பேசும் ஒரு சட்டம்தான், நம் கோப்பை மின்னணு வடிவில் கேட்க இன்றைக்கு மிகத் தெளிவான வழியாக இருக்கிறது! அரசு மருத்துவமனைக்கு மனுப் போடும்போது இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிடுங்கள்.

தனிநபர் தகவல் பற்றிய 8(1)(ஜே) விலக்கு 2025 நவம்பரில் மேலும் இறுக்கப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். “இது என் சொந்தத் தகவல்” என்று மனுவில் எழுதி, அடையாள அட்டை நகலை இணைத்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆபா எண் எடுத்தால் எல்லாம் வந்துவிடுமா?

வராது. ஆனாலும் எடுத்து வைத்துக்கொள்வதில் பயன் உண்டு. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2020 ஆகஸ்டில் புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுக்க விரிந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் 14 இலக்க எண்தான் ஆபா. ஆதாரும் அதோடு இணைந்த கைபேசியும் கையில் இருந்தால் சில நிமிட வேலை. எடுப்பது உங்கள் விருப்பம். ஆபா இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கமுடியாது.

எண் எடுத்தவுடன் அரசு எங்கோ ஒரு பெரிய கிடங்கில் நம் பதிவுகளை அடுக்கி வைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பதிவு எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயேதான் இருக்கிறது. ஆபா செயலி, நீங்கள் அனுமதி கொடுத்தால் அங்கிருந்து எடுத்துக் காட்டும். அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்கவேண்டும். அதன் மென்பொருள் இணைக்கப்பட்டிருக்கவேண்டும். உங்கள் பதிவை உங்கள் எண்ணோடு கோத்திருக்கவேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் செயலி காலியாகத்தான் இருக்கும்.

கோப்பதற்குச் செயலியில் மருத்துவமனையின் பெயரைத் தேடி, உங்கள் யு.எச்.ஐ.டி. எண்ணையோ கைபேசி எண்ணையோ கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் பதியவேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். ஓ.பி. வரிசையில் நின்றபோது மகனின் கைபேசி எண்ணையோ பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ கொடுத்திருப்போம். பெயரில் இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். பிறந்த வருடம் குத்துமதிப்பாக விழுந்திருக்கும். பதிவு கவுன்ட்டரில் ஆதாரைக் காட்டி இவற்றைத் திருத்தச் சொன்னபிறகு மறுபடி முயன்றால் பதிவு கிடைக்கும்.

ஒரு மருத்துவர் உங்கள் பழைய பதிவைப் பார்க்க அனுமதி கேட்டால் செயலியில் வேண்டுகோள் வரும். கண்ணை மூடிக்கொண்டு ‘சம்மதம்’ என்று அழுத்திவிடாதீர்கள். எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அனுமதி எப்போது காலாவதியாகிறது என்ற மூன்றையும் நீங்கள் மாற்றலாம். மூட்டு வலிக்குப் பார்க்கப் போன இடத்தில் பத்து வருடத்து மகப்பேறுப் பதிவைத் திறந்து காட்டவேண்டியதில்லை. கொடுத்த அனுமதியைப் பின்னால் ரத்து செய்யவும் முடியும்.

மருத்துவமனைகள் சொந்தமாக நடத்தும் செயலிகளில் உங்கள் பரிசோதனை முடிவுகள் தெரிந்தால் அன்றன்றே பி.டி.எஃப். ஆகத் தரவிறக்கி வையுங்கள். மென்பொருளை மாற்றும்போது பழைய கணக்குகள் காணாமல் போவது சகஜம். வாட்ஸ்அப்பில் வரும் அறிக்கைகளுக்கும் இதே கதைதான். கைபேசி தொலைந்தால் கூடவே போய்விடும்.

2023-ம் ஆண்டுச் சட்டம் என்ன தரும்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. சட்டம் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நமக்கு வேண்டிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை இதை மருத்துவமனையிடம் காட்டிப் பயனில்லை.

வந்தபிறகும் 11-வது பிரிவு தருவது உங்கள் தரவின் ‘சுருக்கம்’ மட்டுமே. முழு நகலைத் தரவேண்டும் என்று அதில் எழுதவில்லை. எனவே கேஸ் ஷீட் வாங்க இது 2002 விதிகளுக்கு மாற்றாகாது. ஆனால் அதே பிரிவு, உங்கள் தரவை வேறு யார் யாருடன் பகிர்ந்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையையும் தருகிறது. காப்பீட்டு நிறுவனமா, பரிசோதனைக்கூடமா, மருந்து விற்கும் செயலியா என்று பெயர் சொல்லியாகவேண்டும். இதுவரை எந்தச் சட்டமும் நோயாளிக்கு இவ்வளவு தெளிவாகத் தராதது இது. 14-வது பிரிவில், நாம் இறந்தாலோ செயலிழந்தாலோ நம் சார்பில் உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் வழி இருக்கிறது.

72 மணி நேரம் கடந்துவிட்டதா?

முதலில் ஒரு நினைவூட்டுக் கடிதம், பழைய ஒப்புகையின் நகலோடு. அதிலும் அசையவில்லை என்றால் மூன்று கதவுகள் உண்டு. எதைத் தட்டுவது என்பது உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது.

பதிவு மட்டும் வேண்டும் என்றால், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போங்கள். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெறவேண்டும். மாவட்டத்தில் அதைக் கவனிப்பது இவருடைய அலுவலகம். பதிவைப் புதுப்பிக்க மருத்துவமனை இவரிடம்தான் வந்து நிற்கவேண்டும் என்பதால், அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்புக்கு இருக்கும் மதிப்பே வேறு.

மருத்துவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்றால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். புகார் தனிப்பட்ட மருத்துவரின் மீதுதான் இருக்கவேண்டும், விதி 1.3.2-ஐயும் 7.2-ஐயும் குறிப்பிடுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்கவேண்டும் என்று விதி சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும்.

இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை; ‘ஈ-ஜாக்ருதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இந்த வரம்புக்குள் வராது. கால வரம்பு 2 ஆண்டுகள். பதிவுக்கு 3 ஆண்டு, வழக்குக்கு 2 ஆண்டு என்பதால், “இன்னும் நேரம் இருக்கிறது” என்று பதிவுக்காகக் காத்திருந்து வழக்குக்கான காலத்தைத் தவறவிடக்கூடாது. கேஸ் ஷீட்டைத் தாக்கல் செய்யாத மருத்துவமனைக்கு எதிராகவே நுகர்வோர் ஆணையங்கள் முடிவுக்கு வந்த வழக்குகள் உண்டு. நீங்கள் கேட்டதற்கான ஒப்புகை அங்கேதான் உதவும்.

நகல் கைக்கு வந்தபிறகு

வாங்கிய இடத்திலேயே நின்று புரட்டிப் பாருங்கள். பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா? ஒவ்வொரு நாளுக்கும் மருத்துவர் குறிப்பும் செவிலியர் குறிப்பும் உண்டா? அறுவைச் சிகிச்சை நாளின் தாள்கள் முழுதாக இருக்கின்றனவா? தாளின் பின்பக்கத்தை நகலெடுக்க மறந்திருப்பார்கள்; மருந்து அட்டவணை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் தொடரும். எத்தனை பக்கம் பெற்றீர்கள் என்பதை அவர்கள் பதிவேட்டில் கையெழுத்திடும்போது எண்ணாகவும் எழுத்தாலும் எழுதுங்கள்.

உள்ளே தவறு கண்ணில் பட்டால், உதாரணமாக இல்லாத சர்க்கரை நோய் இருப்பதாகவோ ஒவ்வாத மருந்தின் பெயர் மாறியோ இருந்தால், அழித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். 2016-ல் அமைச்சகம் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள், பழைய பதிவை அப்படியே விட்டு, திருத்தத்தைத் தேதியோடு தனியாகச் சேர்க்கச் சொல்கின்றன. ஆதாரமாக வேறு பரிசோதனை முடிவு ஒன்றை இணைத்து, “திருத்தக் குறிப்புச் சேர்க்கவும்” என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனம் ‘முன்பே இருந்த நோய்’ என்று சொல்லிக் கிளைமை மறுப்பதற்கு இப்படிப்பட்ட ஒரு தவறான வரியே காரணமாகிவிடும். ஆகவே காப்பீட்டைப் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே அந்தத் திருத்தக் குறிப்பின் முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள்.